தோட்டத்து வண்டிப் பாதைகள்



மத்திய மலைநாட்டின் தேசப்படத்தை விரித்து வைத்துப் பார்த்தால், தடித்த கோடுகளாக வரையப்பெற்ற பெருந்தெருக்களே முதலிற் கண்ணிற் படும். அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹற்றனைத் தொட்டு, தலவாக்கலை கடந்து நுவரெலியாவை அடைவது ஒன்று. கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக அதே நகருக்கு ஏறுவது மற்றொன்று. ஆனால் படத்தைச் சற்றுக் கண்ணருகே கொண்டு சென்றால், இப்பெருங்கோடுகளிலிருந்து இருமருங்கும் நூலிழை போன்ற கோடுகள் பிரிந்து, வளைந்து, மடிந்து, மலையுச்சிகளை நோக்கிச் செல்வதைக் காணலாம். அவற்றுட் பல எங்கோ ஒரு சரிவில் முடிந்துபோகின்றன. சில மலையைக் கடந்து மறுபுறத்துப் பெருந்தெருவில் இறங்குகின்றன. இவையே தோட்டத்து வண்டிப் பாதைகள். கோப்பி மூட்டை ஏறிய மாட்டு வண்டிக்கென வெட்டப்பட்டு, பின்னர் கொழுந்து லொறிக்கும் விறகு வண்டிக்கும் மரம் ஏற்றும் வாகனத்துக்கும் பயன்பட்டு, இன்று சில இடங்களிற் பைனஸ் காட்டுக்குள் மறைந்து கிடக்கும் பாதைகள்.

அண்மைக் காலத்தில் இப்பாதைகளைத் தேடி வருவோர் தொகை பெருகியிருக்கின்றது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனங்களில், கூடாரமும் சமையற் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு, விடுமுறை நாட்களிற் கொழும்பிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வருகின்றார்கள். அவர்களுக்கு இது உல்லாசப் பயணம். ஆனால் அதே பாதையின் கோடியில் லயன் அறைகளில் வாழும் குடும்பங்களுக்கு, பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கடைக்கும் செல்ல வேறு வழி கிடையாது. இவ்விரு சாராரும் ஒரே மண்ணில் சக்கரம் உருட்டுகின்றனர். ஆகவே இப்பாதை எவ்வாறு உண்டாயிற்று, எதனால் நிலைத்து நிற்கின்றது, எதனால் அழிகின்றது என்பதை இருசாராரும் அறிந்திருத்தல் நன்று.

இலங்கையின் வீதிகளைப் பற்றிப் பேசும்போது தோமஸ் ஸ்கின்னர் என்னும் பெயர் தவறாமல் வரும். சிறுவனாக இந்நாட்டுக்கு வந்து, பதின்ம வயதிலேயே படையிற் சேர்ந்து, 1867 இல் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வீதி அமைப்பதிலேயே கழித்தவர் அவர். அவர் அமைத்தவை அரசாங்கத்தின் பெருந்தெருக்கள். ஆனால் பெருந்தெரு மலையடிவாரத்தையும் கணவாயையும் மட்டுமே தொடும். அங்கிருந்து கோப்பித் தோட்டத்தின் நடுப்பகுதிக்குச் செல்லும் வழியைத் தோட்டக்காரரே வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. வெட்டியவர் யார்? திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே கால்நடையாக மாத்தளை வந்து சேர்ந்த தொழிலாளரே. வழியிலேயே நோயினாலும் பசியினாலும் மாண்டவர் பலர். பிழைத்து வந்தவர் கையிற் கொடுக்கப்பட்ட முதற் கருவிகள் கோடரியும் மண்வெட்டியும் அலவாங்குமே. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. பாதையின் கல்லடுக்குச் சுவர்கள் மட்டும், சுண்ணாம்போ சீமெந்தோ இன்றி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்டவாறே, பல இடங்களில் இன்றும் மலையைத் தாங்கி நிற்கின்றன.

1869 இல் இலைகளிற் செம்மஞ்சட் பொடி படியும் நோய் கோப்பியைத் தாக்கியது. பதினைந்து இருபது ஆண்டுகளில் அப்பயிர் அழிந்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இற் பயிரிட்ட பத்தொன்பது ஏக்கர் தேயிலை, பின்னர் மலைநாடு முழுவதையும் மூடியது. பயிர் மாறிற்று, பாதை மாறவில்லை. கோப்பி மூட்டை சென்ற தடத்திலேயே தேயிலைப் பெட்டி சென்றது. இருப்புப் பாதை 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியபோது, தோட்டத்துப் பாதைகள் புகையிரத நிலையங்களை நோக்கித் திரும்பின. பின்னர் மோட்டார் லொறி வந்தது. மாட்டின் கால்களுக்கு அளவிட்டுச் சமைத்த பாதையின்மேல் எஞ்சின் ஏறிற்று.

மாட்டின் கால்களுக்கு அளவிட்டது என்று கூறியதற்குக் காரணம் உண்டு. பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும் மாடு, செங்குத்தான ஏற்றத்தில் நின்றுவிடும். ஆகவே பாதைக்குத் தடம் போடுவோர் இருபதடி தூரத்துக்கு ஓரடி ஏற்றம் என்பது போன்ற ஒரு கணக்கை மனத்திற் கொண்டனர். அக்கணக்கின்படி ஆயிரம் அடி உயரம் ஏறுவதற்கு இருபதினாயிரம் அடி, அதாவது ஏறக்குறைய நான்கு மைல் நீளமான பாதை வேண்டும். மலையோ அவ்வளவு இடம் தருவதில்லை. அதனாலேயே பாதை ஒரு சரிவில் இடமாகச் சென்று, கொண்டை ஊசி போல் மடிந்து, வலமாகத் திரும்பி, மீண்டும் மடிகின்றது. தேயிலை மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழெட்டு வளைவுகளைக் காணும்போது அவற்றை வகுத்தவர் வீண் சுற்றுச் சுற்றினார் என்று எண்ணத் தோன்றும். கொழுந்து எடுக்கச் செல்லும் பெண்கள் அச்சுற்றைக் கழித்து நேரே ஏறும் குறுக்குப் பாதையைத் தமக்கென வைத்திருக்கின்றனர். ஆனால் வண்டிக்கு அந்தக் குறுக்குப் பாதை ஆகாது.

பாதையை வெட்டிய முறை இன்னும் முக்கியமானது. சரிவின் உட்புறத்தைக் குடைந்து, அவ்வாறு பெயர்த்த மண்ணை வெளிப்புறத்திற் கொட்டி, இரண்டும் சேர்ந்த இடத்தைத் தளமாக்கினர். ஆகவே பாதையின் உட்பாதி மலையின் சொந்த மண். வெளிப்பாதி கொட்டிய மண். உட்பாதி உறுதியானது. வெளிப்பாதியோ கல்லடுக்கையும் புல்வேரையும் நம்பி நிற்பது. இவ்வுண்மையை அறியாதவர், எதிரே வாகனம் வரும்போது மரியாதையாக ஒதுங்குவதாக எண்ணி, வெளி விளிம்பிற் சக்கரத்தை ஏற்றுகின்றனர். மழைக்காலத்தில் அவ்விளிம்பு கேக்குத் துண்டு போற் பெயர்ந்து விழும்.

மழைநீரைக் கையாள்வதிலேயே பாதையின் உயிர் இருக்கின்றது. வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அத்தனை நீரும் மலையிலிருந்து இறங்கி, பாதையைக் கடந்தே ஆற்றுக்குச் செல்ல வேண்டும். இதற்காகப் பாதையைச் சற்றே உட்புறம் சாய்த்து, மலையோரமாக ஒரு கான் வெட்டினார்கள். பாதையில் விழுந்த நீரும் மலையிலிருந்து வழிந்த நீரும் அக்கானில் ஓடி, சிறிது தூரத்துக்கொன்றாக அமைக்கப்பட்ட மதகுகளின் வழியே பாதைக்கு அடியாற் கடந்து, மறுபுறத்துக் கற்பாறையிலோ ஓடையிலோ இறங்கின. கான் திறந்திருக்கும்வரை பாதைக்கு முதுமை இல்லை. ஒரு மதகு அடைபட்டால் நீர் கானை விட்டு மேலேறிப் பாதையின் குறுக்கே பாயும். பாயும் நீர் முதலில் அரிப்பது எதனை? வெளிப்புறத்துக் கொட்டிய மண்ணைத்தான். ஓரிரவுப் பெருமழையில் நூறாண்டுப் பாதை பாதியாகிவிடும்.

முற்காலத்தில் இதனை நன்கறிந்திருந்தனர். விடியற்காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும்போது கொழுந்துக்கு இத்தனை பேர், புல் வெட்ட இத்தனை பேர் என்பதோடு, கான்வெட்டுக்கும் பாதை வேலைக்கும் ஆட்கள் பிரிக்கப்பட்டனர். மழைக்கு முன்னே கான் துப்புரவாகும். மழை விட்டவுடன் சரிந்த மண் அள்ளப்படும். 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளர் தொகை குறைந்தது, செலவு கூடியது. செலவைக் குறைக்க முற்படும் எந்த நிருவாகமும் கொழுந்து எடுப்பதை நிறுத்தாது. கான்வெட்டைத்தான் அடுத்த ஆண்டுக்குத் தள்ளும். அவ்வாறு தள்ளிய ஆண்டுகள் பல சேர்ந்ததன் விளைவையே இன்று நாம் குண்டும் குழியுமாகக் காண்கின்றோம்.

இனி மரத்துக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்துக்கு மரம் அந்நியமன்று. கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்துக்காகத் தோட்டத்தின் பயன்படாத மூலைகளில் யூக்கலிப்டஸ் மரங்களை வளர்த்தனர். சவுக்கு என்று தோட்டங்களில் வழங்கும் கிரெவில்லியா மரம் தேயிலைக்கிடையே நிழலாகவும் நின்று விறகாகவும் உதவியது. இவ்விறகை இறக்குவதற்கென வெட்டிய பாதைகள் தோட்டந்தோறும் உண்டு. ஸ்டோரை நோக்கி இறங்கும் அவை ஆண்டில் சில வாரங்களே பயன்பட்டு, எஞ்சிய காலமெல்லாம் புல் மூடிக் கிடக்கும்.

பைனஸ் பின்னர் வந்தது. மத்திய அமெரிக்காவையும் கரிபியன் தீவுகளையும் தாயகமாகக் கொண்ட கரிபியப் பைன் மரம், 1970 களின் பிற்பகுதியிலும் 1980 களிலும் மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளிகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் பரந்த அளவில் நடப்பட்டது. மண்ணிழந்து மொட்டையாய்க் கிடந்த சரிவுகளில் வேறு மரம் எளிதிற் பிடிக்காத இடத்திலும் அது பிடித்தது. நீரேந்து பகுதிகளைக் காப்பதும், பலகையும் பிசினும் பெறுவதும் நோக்கங்கள். இன்றும் சில காடுகளில் மரத்தின் பட்டையைக் கீறி, கீழே சிறு கலம் கட்டிப் பிசின் எடுப்பதைக் காணலாம். ஊற்றுகள் வற்றியதற்குப் பைனஸே காரணம் என்று கிராம மக்கள் குறை கூறுகின்றனர். மறுபுறம், சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பைனஸ் நிழலிலேயே சுதேச மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டியிருக்கின்றனர். அவ்வழக்கை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. பாதைக்கு அம்மரம் என்ன செய்கின்றது என்பதே நமது விஷயம்.

பைன் ஊசிகள் எளிதில் மக்குவதில்லை. விழுந்த ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போலாகிவிடும். பாதையின் குழியும் கல்லும் கானும் அதே பாயின்கீழ் மறைந்துபோகும். வெயிலில் அது மென்மையான கம்பளமாகத் தோன்றும், நனைந்தால் வழுக்கும். நீரோடு அடித்துச் செல்லப்பட்ட ஊசிகள் மதகின் வாயில் வலை போலத் தங்கி, பின்னால் வரும் மண்ணையும் சுள்ளியையும் பிடித்து அடைத்துவிடும். வரட்சிக் காலத்தில் அவ்வூசிகளே தீப்பற்ற ஏதுவாகின்றன. தீ பரவி மண் வெறுமையான சரிவில் முதல் மழை விழும்போது, கருஞ்சேறு முழுவதும் பாதைக்கே வந்து சேரும். மரம் வெட்டும் காலத்தில் நிகழ்வது இதனினும் கேடானது. வெட்டிய மரத்தைச் சரிவில் நேரே இழுத்து இறக்கினால், இழுத்த தடம் பள்ளமாகி மழைநீருக்கு வாய்க்காலாகின்றது. வண்டிப் பாதையை வகுத்தவர் வளைத்து வளைத்துத் தவிர்த்த செங்குத்தை, மரம் இழுப்பவர் ஒரு நாளில் உண்டாக்கிவிடுகின்றார். பழைய பாதையிற் செல்லும்போது திடீரெனக் குறுக்கே ஒரு பள்ளம் தென்பட்டால், மேலே எங்கேனும் மரம் இழுத்த தடம் இருக்கின்றதா என்று அண்ணாந்து பார்க்கலாம்.

இவை யாவும் ஒருங்கே அமைந்த ஒரு வழி உண்டு. நுவரெலியாவிலிருந்து ஹோட்டன் சமவெளியைச் சுற்றி ஊவாப் பக்கம் இறங்கினால் ஓஹியா புகையிரத நிலையம் வரும். அது ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருக்கின்றது. அங்கிருந்து உடவேரியத் தோட்டத்தின் தேயிலை மலைகளினூடே சென்று, கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கி, பைனஸ் காட்டினுள் நுழைந்து, இந்நாட்டின் மிக உயரமானதும் 263 மீற்றர் வீழ்வதுமான பம்பரகந்த நீர்வீழ்ச்சியின் பக்கமாகக் கலுபஹனைச் சந்தியிற் பதுளைப் பெருந்தெருவைத் தொடும் பாதையே அது. ஆங்கிலத்தில் அதற்கு 'டெவில்ஸ் ஸ்டெயர்கேஸ்' என்று பெயர். பிசாசின் படிக்கட்டு எனலாம். பெயரைக் கேட்டு அஞ்சுவதற்கில்லை. பெயர் வைத்தவர் கீழே நின்று மேலே பார்த்தவராயிருத்தல் வேண்டும். மேலிருந்து இறங்குபவருக்கு அது படிக்கட்டாகத் தோன்றுவதில்லை. முதலில் மூடுபனிக்குள் தேயிலை, அடுத்துக் காற்றில் இரையும் பைன் மரங்கள், பின்னர் திடீரெனத் திரை விலகியது போலத் தெற்கே தாழ்நிலம்.

இத்தகைய வழியில் வாகனம் செலுத்துவது எவ்வாறு?

வாகனத்தின் வலிமையை நம்பி வருவோரே பெரும்பாலும் இடர்ப்படுகின்றனர். மலைநாட்டுச் சாரதிகளிடையே பழைய விதி ஒன்று வழங்குகின்றது. ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பதே அது. இதன் காரணம் எளிது. பிரேக் என்பது உராய்வினால் வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. சிறிய இறக்கத்தில் அவ்வெப்பம் காற்றிற் கலந்துவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்திற் பிரேக்கின் பிடிப்புக் குறைந்துவிடும். அப்போது கால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. தாழ்ந்த கியரில் இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிக்கும். பிரேக் வளைவுகளில் மட்டும் தொட்டு எடுக்க மீந்திருக்கும். இதனை அலட்சியம் செய்து, எரிபொருளை மீதப்படுத்துவதாகக் கியரை விடுவித்து உருட்டி வருவோர், சில சதம் பெறுமதியான எண்ணெய்க்குத் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றனர்.

2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயாவுக்கு அருகே ரதல்லக் குறுக்கு வீதியில் நிகழ்ந்த விபத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களை ஏற்றிய பஸ், அச்செங்குத்து இறக்கத்தில் ஒரு வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு உயிர்கள் பலியாயின. தேயிலைத் தோட்டத்தினூடே செல்லும் குறுகிய வழி, தூரத்தைக் குறைக்கின்றது என்ற ஒரே காரணத்தினாற் பெருவழிப் போக்குவரத்தைச் சுமக்கின்றது. மைல் குறைந்த வழி எப்போதும் செங்குத்தான வழியே. இருபதுக்கு ஒன்று என்ற மாட்டு வண்டிக் கணக்கை எண்ணிப் பார்த்தால் அது தானாகவே விளங்கும்.

கைவிடப்பட்ட பாதையில் இன்னும் சில கவனங்கள் வேண்டும். மழைக்குப் பின் ஐயத்துக்குரிய ஓரிடம் எதிர்ப்பட்டால், வாகனத்தை நிறுத்தி இறங்கி நடந்து பார்ப்பதே அறிவுடைமை. நடந்து செல்லும்போது கால்களுக்குக் கீழே மதகு குழிந்திருப்பதும், வெளி விளிம்பில் மண் வெடித்திருப்பதும் தெரியும். அவ்வாறு பாதைக்கு இணையாக நீண்டு ஓடும் வெடிப்பைக் கண்டால் திரும்பிவிட வேண்டும். அது சரிவு முழுவதும் அசையத் தொடங்கியதன் அடையாளமாக இருத்தல் கூடும். அட்டைக்கு அஞ்சி வாகனத்தை விட்டு இறங்காதிருப்பவர் நகரத்துக்குத் திரும்பிவிடுவதே நல்லது. ஒற்றை வழியில் எதிரெதிரே இரு வாகனங்கள் சந்தித்தால் ஏறி வருவதற்கே முதலிடம். இறங்குவது ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது மலைப்பக்கமே நாட வேண்டும் என்பதற்குரிய காரணத்தை முன்னமே கூறினோம். மூடுபனியில் ஒலிப்பானைத் தயங்காமல் அடிக்கலாம். ஆனால் லயன்களின் அருகே மெதுவாகச் செல்ல வேண்டும். அங்கே பாதைதான் முற்றம். பிள்ளைகள் விளையாடுவதும் விறகு காய்வதும் அங்கேயே.

ஈரமான மண் பாதையில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வாகனம் விளைக்கும் கேடும் உண்டு. சக்கரம் ஓரிடத்திற் சுழன்று தோண்டிய பள்ளம், மாலை மழையில் ஓடையாகிவிடும். வாகனம் முக்கி முனகி மேலே சென்றுவிடும். மறுநாட் காலையில் அதே இடத்தில் முச்சக்கர வண்டி சிக்கிக்கொள்ளும். தோட்டத்துப் பிரிவுகளில் நோயாளியை நகருக்கு எடுத்துச் செல்வது பெரும்பாலும் அந்த முச்சக்கர வண்டியே. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ், 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவியது பெரும் பேறு. ஆயினும் அம்புலன்ஸ் பாதையுள்ள இடம்வரைதான் வரும். பாதை அறுந்த இடத்திலிருந்து, கம்பில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி நான்கு பேர் சுமந்து வரும் பழைய முறையே கைகொடுக்கின்றது. பிரசவ வேதனையுற்ற பெண்ணை அவ்வாறு இருட்டில் சுமந்து இறங்குவதன் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நீரைப் புறக்கணித்தால் விளைவது பாதையோடு நிற்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலைநாடெங்கும் சரிவுகள் பெயர்ந்தன, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர், பெருந்தெருக்களும் இருப்புப் பாதையும் பல இடங்களில் அறுந்தன. அத்தகைய மழையைக் கானும் மதகும் தடுத்திருக்கும் என்று கூறுவது மிகையாகும். ஆனால் வழக்கமான மழையிற் சரியும் சிறு சரிவுகளுக்குப் பின்னால், கவனிப்பாரற்ற கான் ஒன்று பலமுறை ஒளிந்திருப்பதைப் பாதை வேலை தெரிந்த முதியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். பெருந்தெரு அடைபட்ட வேளைகளில் சுற்றிச் செல்ல உதவுவனவும் இதே தோட்டத்துப் பாதைகளே.

அப்படியானால் இப்பாதைகளைப் பேண வேண்டியவர் யார்? கேள்வி சிறிது, விடை நீண்ட காலம் தொங்கி நின்றது. தோட்டத்துக்குள் இருப்பதால் அது கம்பனியின் பாதை என்றது உள்ளூராட்சி. மக்கள் போக்குவரத்துக்கு உதவுவதால் அது அரசாங்கத்தின் பொறுப்பு என்றது கம்பனி. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு கிராமங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டிருந்தமையால், சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிட இயலாது என்றே கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபைக்கு அங்கத்தவரை அனுப்பினர். அவ்வங்கத்தவரோ தமக்கு வாக்களித்தவரின் வாசலுக்கு ஒரு வண்டிக் கல் கொட்ட முடியாதிருந்தார். 2018 இற் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீங்கியது. தடை நீங்கியதே தவிர, பல சபைகளுக்குக் கல்லும் தாரும் வாங்கப் போதிய பணம் இல்லை. பணம் கிடைக்கும்போதும், மேலே கொங்கிரீட்டுப் போட்டுப் படம் பிடிப்பதிற் காட்டும் ஆர்வம் கானை வெட்டுவதில் இல்லை. கானும் மதகுமின்றிப் போட்ட கொங்கிரீட்டின்கீழ் இரண்டு மழைக்காலத்தில் மண் கரைந்து, மேலே பலகை மட்டும் அந்தரத்தில் நிற்பதை ஹற்றன், மஸ்கெலியாப் பக்கங்களில் நானே கண்டிருக்கின்றேன்.

மஸ்கெலியா என்றதும் நினைவுக்கு வருவது ஒன்று. மவுசாக்கலை நீர்த்தேக்கம் 1969 இல் நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகர் நீருள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழ்ந்தால் பழைய கோவிலின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. அவற்றைக் காணக் கூட்டம் கூடும். கூடுவோர் கோவிலையே பார்க்கின்றனர். சேறு காய்ந்த தரையிலே பழைய தெருவின் தடம் எவ்வழிச் சென்றது என்பதையும் பார்த்தல் தகும்.

உடவேரியப் பக்கம் செல்ல விரும்புவோருக்குக் கடைசியாகச் சில விவரங்கள். ஹற்றன் பக்கத்து மலைகளுக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஊவாப் பக்கத்துச் சரிவுகளுக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை மிகுதி. பெப்ரவரியும் மார்ச்சும் இருபக்கமும் பெரும்பாலும் உலர்ந்திருக்கும்; ஆயினும் பைனஸ் காட்டிற் தீ மூளும் காலமும் அதுவே. ஆகவே அங்கே அடுப்பு மூட்டுவதைத் தவிர்த்தல் வேண்டும். தோட்டத்துப் பாதையில் நுழையுமுன் தோட்டக் காரியாலயத்தில் அனுமதி கேட்பது முறை. கொழுந்து நிறுக்கும் வேளைகளில் லொறி கட்டாயம் எதிரே வரும் என்பதை நினைவில் வைக்கலாம். வாகனத்தில் ஏற்றும் சாமான்களோடு ஒரு மண்வெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். வழியில் மதகின் வாயைப் பைன் ஊசி அடைத்திருப்பதைக் கண்டால், அதனை இழுத்தெறியப் பத்து நிமிடம் போதும்.